பால் மறந்த பிறகுதானா பராமரிப்பு?

மதீனா நகருக்கு ஒரு வணிகக் கூட்டம் வந்து சேர்ந்தது. தொழுகைத் திடலில் அவர்கள் இரவு தங்கினார்கள். அவர்களுடைய பொருள்கள் களவு போகாமல் அன்றிரவு கண்விழித்துக் காவல் காத்தவர் கலீஃபா ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள். துணைக்கு ஹழ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை அழைத்துச் சென்றிருந்தார்கள். நள்ளிரவில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கலீஃபா எழுந்து சென்று, பிள்ளையைக் கவனிக்குமாறு தாயிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். சற்று நேரத்தில் மீண்டும் அழுகை. மீண்டும் சென்று சொன்னார்கள். இரவு கழியும் வேளையிலும் அழுகை ஓயவில்லை. மூன்றாம் முறை சென்று காரணம் கேட்டார்கள். கேட்பவர் யாரென்று அறியாத அந்தத் தாய் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டாள். பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் உமர் உதவித்தொகை வழங்குகிறார். ஆகவே மாதங்கள் நிறையுமுன்பே பாலை மறக்கடிக்க முயல்கிறேன். பிள்ளை மறுக்கிறது என்பதே அவள் கூறிய காரணம்.

அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபா ஓதியது பின்னால் நின்றவர்களுக்கு விளங்கவில்லை. அழுகை அவ்வாறு தொண்டையை அடைத்தது. தாம் விதித்த ஒரு விதியால் எத்தனை பிள்ளைகள் மாண்டனவோ என்று தம்மையே நொந்துகொண்டார்கள். பால் மறக்கடிக்க எவரும் அவசரப்பட வேண்டா, பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் உதவித்தொகை உண்டு என்று நாடெங்கும் அறிவிக்கச் செய்தார்கள். இந்நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் இப்னு ஸஅத் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

நம் மீலாது மேடைகளில் இதைக் கேட்டுக் கண்கலங்காதவர் உண்டோ? ஆனால், கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பும் நாம், அந்தக் கண்ணீர் எதில் போய் முடிந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அது ஓர் அரசாணையில் போய் முடிந்தது. அரசின் உதவி எந்த வயதில் தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு, தொட்டிலில் தொடங்க வேண்டும் என்று கலீஃபா விடை கூறிவிட்டார்கள். அதே கேள்வியை வடசென்னையில் நின்று இன்று நான் கேட்கிறேன்.

சரக்குக்கு இடம் உண்டு

தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856இல் புறப்பட்டது இராயபுரத்திலிருந்து. அங்கிருந்து வடக்கே காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் என்று கடலோரமாகவே நடந்தால், துறைமுகம், மீன்பிடித் துறை, ஆலைகள், எண்ணெய்க் குழாய்கள், அனல்மின் நிலையம், 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். மேற்கே மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இருக்கின்றன. இந்தப் பகுதிக்குள் வரும் கன்டெய்னர் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, அதை இறக்கி வைக்க இடம் உண்டு, காவல் உண்டு, காப்பீடு உண்டு. பெட்டி காணாமற்போனால் பொறுப்பாளி யார் என்பதற்குச் சட்டம் உண்டு.

இந்தப் பகுதியின் கைக்குழந்தைக்கு என்ன உண்டு?

காசிமேட்டில் பொழுது புலருமுன்பே மீன் ஏலம் தொடங்கிவிடுகிறது. கூடையோடு அங்கே நிற்கும் பெண், தன் பிள்ளையை எங்கே விட்டு வந்தாள்? தெருக்களைப் பெருக்கக் காலை ஆறு மணிக்கு வேலைக்கு வரும் துப்புரவுப் பெண் எங்கே விட்டு வந்தாள்? எண்ணூர்க் கழிமுகத்தின் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்ணும், திருவொற்றியூரில் ஒப்பந்தக் கூலியாக ஆலைக்குள் நுழையும் பெண்ணும் எங்கே விட்டு வந்தார்கள்? மாமியாரிடம், அடுத்த வீட்டுக் கிழவியிடம், எட்டு வயது அக்காளிடம். அந்த அக்காள் பள்ளிக்குப் போகவில்லை என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். ஒரு தங்கையின் தொட்டிலை ஆட்ட ஓர் அக்காளின் கல்வி விலையாகிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்; பொய் சொல்லி வாதாட நான் வரவில்லை. பிரசவத்திற்கு இராயபுரத்திலேயே இராஜா சர் இராமசாமி முதலியார் அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அப்பகுதி ஏழைத் தாய்மாரின் புகலிடம் அது. கருவுற்ற ஏழைப் பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அமைந்த திட்டத்தில் 18,000 ரூபாய் வரை உதவி வகுக்கப்பட்டது. 1975இல் நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியாகத் தமிழகத்தில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உருவாயின. 1982இல் சத்துணவு விரிவடைந்தது. 2022இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியது. 2021இல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இவை அனைத்தும் பாராட்டத்தக்கவை. பேருந்தில் ஏறக் காசு வேண்டா என்றாகிவிட்டது. ஏறுகிறவள் இடுப்பில் இருக்கும் பிள்ளையை யாரிடம் இறக்கி வைப்பது என்பதுதான் தீரவில்லை.

அங்கன்வாடியில் பிள்ளை உட்கார்ந்து உண்பதற்கும் விளையாடுவதற்கும் இரண்டு வயது நிறைய வேண்டும். அதற்கு முன்னுள்ள பிள்ளைக்குச் சத்துமாவு வீட்டுக்கு வரும். பார்த்துக்கொள்ளும் கை வராது. இரண்டு வயதான பின்னும், மையம் திறக்கும் வேளையில் மீன்காரியின் அரை நாள் வேலை முடிந்திருக்கும். மையம் பிற்பகலில் மூடும் வேளையில் ஆலைப் பெண்ணின் வேலை முடிந்திராது. இரண்டு வயது! பால்குடி மறக்கும் வயது! உமர் (ரலி) அவர்கள் அழுது திருத்திய அதே விதியை நாம் பலகையில் எழுதி மாட்டி வைத்திருக்கிறோம்.

ஐம்பது என்னும் வேலி

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; அது எவருக்கு என்று பார்ப்போம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அந்த எண் முப்பதாகக் குறைக்கப்பட்டது. 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, விடுப்பு 26 வாரமாயிற்று; ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் விதிக்கப்பட்டது. பின்னர் 2020இல் இயற்றப்பெற்று 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இவற்றைத் தம்முள் அடக்கிக்கொண்டன. ஆணும் பெண்ணும் சேர்த்து ஐம்பது என்பதே இப்போதைய எல்லை. பிள்ளை தந்தைக்கும் உரியது என்று ஒப்புக்கொண்ட வகையில் அது நல்லதே. ஆனால் முப்பத்தைந்து பெண்கள் மட்டும் அமர்ந்து தைக்கும் ஓர் ஆலை பழைய சட்டத்தின்படி காப்பகம் வைத்தாக வேண்டும். புதிய தொகுப்பின்படி வைக்க வேண்டியதில்லை. இதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இச்சட்டங்கள் யாவும் ஒரு முதலாளியின் கூரையின் கீழ்த் தலைகளை எண்ணுகின்றன. மீன்காரிக்கு முதலாளி யார்? நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளுக்குக் கூரை எது? வண்ணாரப்பேட்டைச் சந்தில், தன் வீட்டுத் திண்ணையிலேயே கடைக்காரன் வெட்டித் தந்த துணியைத் தைத்துக் கொடுக்கும் நம் சமுதாயப் பெண்ணை எந்தப் பதிவேட்டில் எண்ணுவது? மேலப்பாளையத்தில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் சகோதரியை எங்கே சேர்ப்பது? ஐம்பது என்பது ஒரு வேலி. வேலிக்கு உள்ளே இருப்பவர்கள் சிலர். வெளியே நிற்பவர்களே நம் மக்களில் மிகப் பலர். ஆலையை எண்ணாமல் தெருவை எண்ணும் ஏற்பாடு ஒன்று வேண்டும். அதை அரசைத் தவிர வேறெவரும் செய்ய இயலாது.

மூடப்பட்ட கதவுகள்

அத்தகைய ஏற்பாடு நாட்டில் இல்லாமற்போகவில்லை. இருந்ததைத் தேய விட்டோம் என்பதே வேதனை. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்காக 1975இல் மத்திய அரசு காப்பகத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2006இல் அது இராஜீவ் காந்தி பெயரால் விரிவாக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் நடத்தின. செலவின் பெரும்பகுதியை, நூற்றுக்குத் தொண்ணூறை, மத்திய அரசு கொடுத்தது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட காப்பகங்கள் நாட்டில் நடந்தன. 2017இல் கணக்கு மாற்றப்பட்டது: மத்திய அரசு 60, மாநிலம் 30, நடத்துகிறவர் 10. பங்கைப் போட வேண்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றார்கள். 2020ஐ ஒட்டிய காலத்தில் எஞ்சியவை ஏழாயிரத்துக்கும் குறைவு. சட்டம் எதுவும் இவற்றை மூடச் சொல்லவில்லை. நிதி ஓடை வறண்டது, கதவுகள் தாமே மூடிக்கொண்டன.

2022இல் அத்திட்டம் 'பால்னா' என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. பால்னா என்றால் இந்தியில் தொட்டில். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை; ஒரு காப்பகத்தில் 25 பிள்ளைகள்; மாதம் 26 நாள்; நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம்; செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40. எழுத்தில் குறையில்லை. அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்கள் 17,000 என்பது நாடு முழுவதற்குமான இலக்கு. நாட்டிலுள்ள அங்கன்வாடிகளோ ஏறத்தாழப் பதினான்கு இலட்சம். எண்பது அங்கன்வாடிக்கு ஒரு தொட்டில்! அந்த ஒன்றும் இராயபுரத்துச் சந்துக்கு வந்து சேர எத்தனை தலைமுறை காத்திருப்பது?

கூலியின் கதையும் கேளுங்கள். 2017ஆம் ஆண்டுத் திட்டத்தில் காப்பகப் பணியாளருக்கு வகுத்த மதிப்பூதியம் மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500. இருபத்தாறு நாளுக்குப் பங்கிட்டால் பணியாளருக்கு நாளொன்றுக்கு நூற்றுப் பதினைந்து ரூபாய். இருபத்தைந்து பச்சிளம் பிள்ளைகளின் உயிரை ஒப்படைத்த கைக்கு இதுவா கூலி? திருமறையின் அல்பகரா அத்தியாயத்து 233ஆம் வசனம், பெற்றோர் விரும்பினால் பிள்ளைக்கு வேறொரு செவிலித்தாயை அமர்த்தலாம் என்று அனுமதித்து, அவளுக்குரியதை நேர்மையாகக் கொடுத்துவிட வேண்டும் என்று நிபந்தனை இடுகிறது. அத்தலாக் அத்தியாயமோ, பெற்ற தாயே ஆயினும், மணவிலக்குக்குப் பின் பாலூட்டினால் அவளுக்குக் கூலி கொடுக்கச் சொல்கிறது. பிள்ளை வளர்ப்பு உழைப்பு, உழைப்புக்குக் கூலி உண்டு என்பது நமக்குப் பதினான்கு நூற்றாண்டுக்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது.

உரிமம் யாருக்கு?

இனி, காப்பகம் என்று பலகை மாட்டியதெல்லாம் காப்பகம் ஆகிவிடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 பிள்ளைகள் மாண்டதைத் தமிழகம் மறக்கலாகாது. கண்காணிக்க வேண்டிய கண்கள் மூடிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டா. எண்ணூரிலோ ஆபத்து காற்றிலும் வரும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியாவால் மூச்சுத் திணறி, பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அது இரவாக இருந்ததால் பிள்ளைகள் பெற்றோரின் பக்கத்தில் இருந்தனர். பகலாக இருந்திருந்தால்? எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் விடப்பட்டிருக்கிறார்கள் என்ற கணக்கு எவரிடத்தில் இருந்திருக்கும்? ஆகவே உரிமம் வேண்டும்; ஆய்வு வேண்டும்; தீயணைப்பும் வெளியேறும் வழியும் பிள்ளைகளின் பெயர்ப் பதிவேடும் வேண்டும்.

ஆனால் பணமின்றி உரிமத்தை மட்டும் வற்புறுத்துவது ஏழையின் கழுத்தில் கயிறு போடுவதாகும். தண்டையார்பேட்டையில் தன் ஒற்றை அறையில் ஐந்து பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவிடம், தனிக் கட்டடம் காட்டு, சான்றிதழ் காட்டு, இல்லையேல் மூடு என்றால், அவள் மூடிவிடுவாள். ஐந்து தாய்மாரும் வேலையை விட்டு நிற்பார்கள், அல்லது பிள்ளைகளைப் பூட்டிவிட்டுப் போவார்கள். ஒரு கையில் விதியைக் கொண்டு வரும் அதிகாரி, மறு கையில் நிதியையும் கொண்டு வர வேண்டும்.

நம்மவர் பிழைக்கச் சென்ற நாடுகளைப் பாருங்கள். மலேசியாவில் 1984ஆம் ஆண்டிலேயே குழந்தைக் காப்பகச் சட்டம் வந்துவிட்டது. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்கூடப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு பெற்ற இடத்தில் சேர்க்கும் பெற்றோருக்கு வரிச் சலுகையும் உண்டு. சிங்கப்பூரில் இரண்டு மாதக் குழந்தை முதலே சேர்த்துக்கொள்ளும் நிலையங்கள் உள்ளன. உரிமம் பெற்ற நிலையத்தில் சேர்த்தால் அரசு மானியம் தருகிறது, வேலைக்குச் செல்லும் தாய்க்கு அது கூடுதலாகிறது. உரிமத்தையும் உதவியையும் ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறார்கள். கடையநல்லூரிலிருந்தும் நாகூரிலிருந்தும் அங்கே குடியேறிய குடும்பங்கள் அதன் பயனை அனுபவிக்கின்றன. ஊர் திரும்பும்போது வாசனைத் தைலமும் துணிமணியும் கொண்டு வருகிறவர்கள், அந்தச் செய்தியையும் கொண்டு வந்தால் ஆகாதா?

நம் வீட்டுத் தடைகள்

இனி நம் சமுதாயத்தாரிடம் சில சொற்கள். 'நம் பெண்கள் வேலைக்குப் போவதில்லை. இது நம் பிரச்சினை அன்று' என்பார் உண்டு. விதவையானவளும், கணவனால் கைவிடப்பட்டவளும், அயல்நாடு சென்றவன் பணம் அனுப்பாத வீட்டுக்காரியும் நம் மஹல்லாக்களில் இல்லையா? தையல் இயந்திரத்தின் மிதியடிக்குப் பக்கத்தில் தவழும் பிள்ளையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே தைக்கிறாளே, அவள் வேலைக்குப் போகவில்லைதான். வேலை அவள் வீட்டுக்கு வந்துவிட்டது.

'தாயின் மடியை விட்டுப் பிள்ளையைப் பிரிப்பது இஸ்லாமியப் பண்பன்று' என்பார் வேறு சிலர். இவர்களை வணக்கத்தோடு கேட்கிறேன்: அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எங்கே வளர்ந்தார்கள்? பனூ ஸஅது குலத்து ஹலீமா (ரலி) அவர்களின் மடியில் அல்லவா? கூலி பெற்றுப் பிள்ளை வளர்ப்பது அன்றைய அரபகத்தின் வழக்கம். அதனால் அன்னை ஆமினாவின் தாய்மை குறைந்தது என்று எவரேனும் சொல்லத் துணிவாரா? பிற்காலத்திலும் அண்ணலார் (ஸல்) அவர்கள் ஹலீமாவை மறக்கவில்லை. தாயாகவே மதித்துப் போற்றினார்கள். செவிலியை மதிக்கும் மரபு நம்முடையது. அதைக் காப்பகத்துப் பணியாளருக்கு நாம் மறுப்பானேன்?

'அரசிடம் பணம் இல்லை' என்பது மூன்றாவது தடை. கட்டட வேலையின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று தொழிலாளர் நலத்திற்கென்று தீர்வை பிரிக்க 1996ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆதாயம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் அதில் நூற்றுக்கு இரண்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் மின் நிலையமும் நிற்கும் மண் எது? புகையைச் சுவாசிக்கும் பிள்ளைகள் எவருடையவர்கள்? புகை இங்கே, பொருள் எங்கோ என்பது என்ன நீதி?

வேண்டுவது

நாம் கேட்பது சலுகையன்று. இராயபுரம் முதல் எண்ணூர் வரை வார்டு ஒவ்வொன்றிலும் ஆறு மாதக் குழந்தை முதல் சேர்த்துக்கொள்ளும் காப்பகங்கள் வேண்டும். துறைக்குப் பக்கத்தில் உள்ளவை ஏலம் தொடங்குமுன் திறக்க வேண்டும். ஆலைக்குப் பக்கத்தில் உள்ளவை கடைசி ஷிப்டு முடியும்வரை மூடலாகாது. வீட்டில் நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு எளிய உரிமமும் பயிற்சியும் மாத உதவியும் வேண்டும். பணியாளருக்கு ஊதியம் வேண்டும். மதிப்பூதியம் என்ற பெயரால் மதிப்பைக் கொடுத்து ஊதியத்தைப் பிடித்துக்கொள்வது போதும். மத்திய அரசும் மாநில அரசும் தத்தம் பங்கைக் குறித்த நாளில் செலுத்த வேண்டும்; இரண்டு அரசுகள் கணக்குப் பார்க்கும் நேரத்தில் பிள்ளை வளர்வதை நிறுத்திக்கொள்வதில்லை.

நம் ஜமாஅத்துகளுக்கும் ஒரு கடமை உண்டு. நிக்காஹ் நாள்களில் விளக்கொளி வீசும் நம் மண்டபங்கள் மற்றை நாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. மின்விசிறி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது; பிள்ளைகள் மட்டும் இல்லை. அவற்றின் ஒரு பகுதியை அரசின் காப்பகத்திற்கு வாடகையின்றி ஒதுக்கித் தரலாம். அங்கே மீனவர் பிள்ளையும் துப்புரவாளர் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பாயில் உறங்கட்டும். ஆனால் இடம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக அரசின் பொறுப்பை நாம் தலையில் ஏற்றிக்கொண்டு அரசைத் தப்பவிடலாகாது. நன்கொடை வற்றும், நிருவாகிகள் மாறுவர், சட்டமும் நிதி ஒதுக்கீடும்தான் நிலைக்கும். உமர் (ரலி) அவர்கள் அந்தத் தாய்க்குத் தம் கைப்பொருளிலிருந்து சில நாணயங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவ்வாறு செய்திருந்தால் அந்த ஒரு குழந்தை அன்றிரவு உறங்கியிருக்கும். அவர்கள் விதியை மாற்றினார்கள்; பேரரசின் குழந்தைகள் எல்லாம் உறங்கின.

மும்முறை அழுத ஒரு குழந்தையின் குரல் ஓர் ஆட்சியாளரின் செவியில் விழுந்து அவரைத் தூங்கவிடாமல் செய்தது. காசிமேட்டுச் சந்துகளில் அந்தக் குரல் ஒவ்வோர் அதிகாலையும் கேட்கிறது. கோட்டையில் இருப்போர் செவியில் அது விழவில்லை என்றால், விழச் செய்வது நம் வேலை. அடுத்த முறை வாக்குக் கேட்டு உங்கள் வாயிற்படி ஏறுகிறவரிடம், பாலமும் சாலையும் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: எங்கள் தெருவில் தொட்டில் எப்போது கட்டுவீர்கள்?